சக்கரத்தின் மேல் ஒரு வீடு: வாங்கியவர்கள் போட்ட கணக்கு

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்பது பழமொழி. அந்த வீட்டுக்கு அடியில் சக்கரங்களை மாட்டி, காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் இப்படிப்பட்ட வண்டியை டிராவல் டிரெய்லர் என்கிறார்கள். இங்கிலாந்தில் அதன் பெயர் கேரவன். தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் பலருக்கு நினைவு வருவது படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் சொகுசு வண்டிதான். இங்கே சொல்லப்படுவது அதுவல்ல. சொந்தமாக எஞ்சின் இல்லாமல், காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கப்படும் சின்ன வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும்.

இப்படி ஒன்றைச் சொந்தமாக வாங்குவது லாபமா, நஷ்டமா? இன்றைக்கும் அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விவாதிக்கும் கேள்வி இது. இதற்கு வயது நூறுக்கு மேல் ஆகிவிட்டது. ஒவ்வொரு தலைமுறையும் இதற்கு வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில்களின் கதைதான் இந்தக் கட்டுரை.

முதலில் வந்தவர் ஒரு டாக்டர்

வாழ வேறு வழியில்லாமல் வண்டியில் குடியிருந்தவர்கள் எத்தனையோ நூற்றாண்டுகளாக உண்டு. வசதியான வீடு இருந்தும், பொழுதுபோக்குக்காக வண்டியில் குடியேறியவர்களில் முன்னோடி வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். ஸ்காட்லாந்துக்காரர். பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதியவர்.

இவர் 1885ல் பிரிஸ்டல் நகரிலிருந்த ஒரு வண்டித் தொழிற்சாலையில் சொல்லி, தனக்கென்று ஒரு வண்டி செய்துகொண்டார். அதன் பெயர் 'வாண்டரர்', அதாவது ஊர்சுற்றி. இழுப்பதற்கு இரண்டு குதிரைகள். அந்த ஆண்டு கோடையில் தெற்கு இங்கிலாந்தின் ட்வைஃபோர்டிலிருந்து வடக்கே ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். 1886ல் அந்தப் பயணத்தைப் புத்தகமாகவும் எழுதினார். அதைப் படித்தவர்களுக்கும் ஆசை வந்தது. 1907ல் இங்கிலாந்தில் கேரவன் கிளப் தொடங்கப்பட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டேபிள்ஸ் தனியாகப் போகவில்லை. குதிரைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வண்டிக்காரர். மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய்ப் பாதை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பணியாளர். வண்டி வாங்குவது முதல் செலவுதான், அதை நகர்த்துவது வேறு செலவு என்ற பாடம் முதல் கேரவனிலேயே தொடங்கிவிட்டது!

மழையில் நனைந்த குடும்பம்

கதையின் அடுத்த பகுதி அமெரிக்காவில். ஃபோர்டு நிறுவனம் 'மாடல் டி' காரை மலிவாக விற்கத் தொடங்கிய பிறகு சாதாரண மக்கள் கையில் கார் வந்தது. 1910களின் நடுவிலிருந்து 1924 வரை ஹென்றி ஃபோர்டு, தாமஸ் எடிசன், டயர் அதிபர் ஹார்வி ஃபயர்ஸ்டோன் ஆகியோர் ஒன்றாகக் கார்களில் காடு மலை என்று முகாம் போனார்கள். 1921ல் ஜனாதிபதி ஹார்டிங்கும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். இவர்களுக்குப் பின்னால் சமையல்காரர்கள், சாமான் ஏற்றிய லாரிகள் எல்லாம் வந்தன. பத்திரிகைகளில் வந்த படங்களைப் பார்த்த மக்களுக்கோ அது எளிமையான சந்தோஷமாகத் தெரிந்தது.

1919ல் ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற சங்கம் உருவானது. தமிழில் சொன்னால் தகர டப்பாப் பயணிகள். டப்பாவில் அடைத்த உணவைச் சாப்பிட்டுக்கொண்டு, காரோடு கூடாரம் கட்டித் தங்கியவர்கள். பல ஊர்கள் இவர்களுக்கு இலவசமாக முகாம் திடல் கொடுத்தன. வருகிறவர்கள் உள்ளூர்க் கடைகளில் செலவு செய்வார்கள் என்பது அந்த ஊர்களின் கணக்கு. போகப் போக ஏழைகளும் வேலை தேடி அலைந்தவர்களும் அங்கே தங்க ஆரம்பித்தார்கள். உடனே 1920களின் நடுவில் பல ஊர்கள் கட்டணம் விதித்தன. இலவசம் போய்விட்டது.

ஆர்தர் ஷெர்மன் டெட்ராய்ட் பகுதியில் இருந்த ஒரு பாக்டீரியா ஆய்வாளர். ஐந்து நிமிடத்தில் விரித்துவிடலாம் என்ற விளம்பரத்தை நம்பி 1929ல் ஒரு கூடார டிரெய்லர் வாங்கினார். குடும்பத்தோடு விடுமுறைக்குப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடம் மணிக்கணக்காக நீண்டது. எல்லோரும் தொப்பலாக நனைந்தார்கள். அந்தக் கோபத்தில் ஷெர்மன் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். கூடாரத் துணியே வேண்டாம், சுவரும் கூரையும் உள்ள பெட்டியாகவே செய்துவிடலாம்!

அப்படிச் செய்த வண்டியின் அகலம் 6 அடி, நீளம் 9 அடி. உள்ளே அலமாரிகள், ஐஸ் பெட்டி, அடுப்பு, நடுவே ஒடுங்கிய நடைபாதை. மேற்கு அமெரிக்காவில் குடியேறியவர்கள் ஓட்டிப் போன கூண்டு வண்டிகளின் நினைவாக அவரது குழந்தைகள் அதற்கு 'கவர்ட் வேகன்' என்று பெயர் வைத்தார்கள். 1930ல் டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் 400 டாலர் விலையில் அதைக் காட்சிக்கு வைத்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பங்குச் சந்தை சரிந்திருந்தது. அந்தக் காலத்தில் 400 டாலர் சிறிய தொகை இல்லை. ஆனாலும் விற்றது. 1936ல் ஷெர்மனின் நிறுவனம்தான் நாட்டின் மிகப் பெரிய டிரெய்லர் உற்பத்தியாளர். அந்த ஆண்டில் சுமார் 6,000 வண்டிகள் விற்றன.

பாதி நாடு டிரெய்லரில்?

அதே 1936ல் லாஸ் ஏஞ்சல்ஸில் வாலி பயம் என்பவரின் 'ஏர்ஸ்ட்ரீம்' நிறுவனம் 'கிளிப்பர்' என்ற அலுமினிய டிரெய்லரைக் கொண்டுவந்தது. விமானத்தின் உடலைப் போல வளைந்து பளபளக்கும் வண்டி. பெயரே ஒரு விமானத்தின் பெயர்தான். விலை 1,200 டாலர். அன்றைய புதிய ஃபோர்டு காரைவிட இது அதிகம். அதாவது இழுக்கும் காரைவிட இழுபடும் பெட்டிக்கு விலை கூடுதல்.

அந்த வருடங்களில் டிரெய்லர் மோகம் உச்சத்தில் இருந்தது. ரோஜர் பாப்சன் என்ற பிரபல பொருளாதாரக் கணிப்பாளர், இன்னும் இருபது ஆண்டுகளில் அமெரிக்க மக்களில் பாதிப் பேர் டிரெய்லரில்தான் வாழ்வார்கள் என்றார். நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள் டிரெய்லர் தயாரிப்பில் குதித்தன. பிறகு என்ன ஆயிற்று? 1937ல் மீண்டும் பொருளாதார மந்தம் வந்தது. பெரும்பாலான நிறுவனங்கள் காணாமல் போயின. பாப்சனின் ஜோசியமும் பலிக்கவில்லை.

டிரெய்லருக்குப் போட்டியாக வேறொன்றும் வளர்ந்துகொண்டிருந்தது. 1925ல் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரில் 'மோட்டல்' என்ற பெயரில் முதல் விடுதி திறக்கப்பட்டது. மோட்டார், ஹோட்டல் என்ற இரண்டு சொற்களை ஒட்டிச் செய்த பெயர். காரை அறை வாசலிலேயே நிறுத்தலாம். 1951ல் கெம்மன்ஸ் வில்சன் என்பவர் ஐந்து குழந்தைகளோடு வாஷிங்டனுக்குக் காரில் போனபோது, வழியிலிருந்த விடுதிகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் 2 டாலர் கூடுதலாகக் கேட்டார்கள். அவருக்குக் கோபம் வந்தது. பெற்றோருடன் தங்கும் குழந்தைக்குக் கட்டணமே இல்லை என்று சொல்லி 1952ல் மெம்ஃபிஸ் நகரில் 'ஹாலிடே இன்' விடுதியைத் தொடங்கினார். குடும்பத்தோடு விடுமுறைக்குப் போய்க் கோபத்தோடு திரும்பிய இரண்டு தகப்பன்மார்கள் அமெரிக்கப் பயணத்தையே மாற்றிவிட்டார்கள். ஷெர்மன் சொந்தப் படுக்கையைக் கூடவே எடுத்துப் போகச் சொன்னார். வில்சன் பிறர் படுக்கையை மலிவாக வாடகைக்கு எடுக்கச் சொன்னார். டிரெய்லர் வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வியில் இன்றுவரை மோதிக்கொள்வது இந்த இரண்டு யோசனைகளும்தான்.

எல்லோருக்கும் கிடைக்காத சுதந்திரம்

டிரெய்லர் விளம்பரங்கள் விற்றது சுதந்திரத்தை. நினைத்த இடத்தில் நிறுத்தலாம், யாரிடமும் அறை கேட்க வேண்டாம் என்றார்கள். ஆனால் வண்டியை நிறுத்த இடம் வேண்டுமே!

அன்றைய அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்குப் பல விடுதிகளிலும் உணவகங்களிலும் இடம் கிடையாது. எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று அவர்களுக்கு வழிகாட்ட 1936 முதல் 'கிரீன் புக்' என்ற கையேடே வந்துகொண்டிருந்தது. அரசாங்கத்தின் தேசியப் பூங்காவும் விதிவிலக்கு இல்லை. வர்ஜீனியாவின் ஷெனன்டோவா பூங்காவில் கறுப்பின மக்களுக்கென்று லூயிஸ் மலையில் தனி முகாம் இடம் 1939ல் திறக்கப்பட்டது. அந்தப் பிரிவினை அங்கே முழுமையாக நீங்க 1950 ஆகிவிட்டது. படுக்கை சொந்தமாக இருந்தாலும் அதை விரிக்கும் மண் பிறருடையது. ஆகவே ஒருவருக்கு நல்ல முதலீடாக இருந்த அதே டிரெய்லர், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயன்படாமல் போயிருக்கலாம். காரணம் பணம் மட்டுமல்ல.

வீடாகிப் போன வண்டி

இரண்டாம் உலகப் போரின்போது விடுமுறைப் பயணங்கள் குறைந்தன. பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன் வந்தது. ஆனால் டிரெய்லர்களுக்கு வேறு வேலை கிடைத்தது. மிச்சிகனின் வில்லோ ரன் போன்ற இடங்களில் பிரம்மாண்டமான குண்டுவீச்சு விமானத் தொழிற்சாலைகள் எழுந்தன. வேலைக்கு வந்தவர்கள் தங்க வீடு இல்லை. அரசே ஆயிரக்கணக்கில் டிரெய்லர்களை வாங்கிக் குடியமர்த்தியது. போர் முடிந்த பிறகும் வீட்டுப் பற்றாக்குறையால் பலர் அதிலேயே தங்கிவிட்டார்கள்.

இதன் பிறகுதான் பாதை இரண்டாகப் பிரிந்தது. 1950களில் 10 அடி அகலமுள்ள பெரிய வண்டிகள் வந்தன. அவற்றைச் சாதாரணக் காரால் இழுக்க முடியாது. பெயருக்குச் சக்கரம் இருந்தாலும் அவை ஓரிடத்தில் நிற்கும் மலிவு வீடுகள். பயணத்துக்கான சின்ன டிரெய்லர் தனி இனமாகிவிட்டது.

1954ல் வெளிவந்த 'தி லாங், லாங் டிரெய்லர்' என்ற நகைச்சுவைப் படம் இந்தக் காலத்துக்கு நல்ல சாட்சி. லூசில் பால், தேசி ஆர்னஸ் ஜோடியாக நடித்தது. புதுமணத் தம்பதி 36 அடி நீள டிரெய்லர் ஒன்றை வாங்குகிறார்கள். போகும் ஊரிலெல்லாம் நினைவுக்காக மனைவி பெரிய பெரிய கற்களைப் பொறுக்கி வண்டியில் ஒளித்து வைக்கிறாள். மலைப்பாதையில் ஏறும்போது அந்தப் பாரமே உயிருக்கு உலை வைக்கிறது. சிரிப்புக்காக எடுத்த காட்சிதான். ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மீது அழுந்த வேண்டும். பாரம் பின்பக்கம் கூடிவிட்டால், வேகமாகப் போகும்போது வண்டி மீன் வாலைப் போல இருபுறமும் ஆடத் தொடங்கும். காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

யானையும் அங்குசமும்

1956ல் ஜனாதிபதி ஐசனோவர் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைத் திட்டத்துக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். சாலைகள் அகலமாயின. 1962ல் சியாட்டில் உலகக் கண்காட்சிக்குக் காரில் போனவர்கள் மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் வழியாகப் போனார்கள். அவர்களுக்காக அங்கே ஒரு முகாம் திடல் தொடங்கப்பட்டது. அதுதான் பின்னால் நாடு முழுவதும் பரவிய 'கே.ஓ.ஏ.' முகாம்களின் தொடக்கம். தண்ணீர், மின்சாரம், குளியலறை எல்லாம் கட்டணத்துக்குக் கிடைத்தன. சாலை, முகாம், மலிவான பெட்ரோல் என்று எல்லாம் கூடி வந்ததால் 1960களில் டிரெய்லர் வாங்கியவர்கள் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

1973 அக்டோபரில் எண்ணெய் வள அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசை. 1974ல் வேக வரம்பு மணிக்கு 55 மைல் என்று ஆனது. 1979ல் இரண்டாவது நெருக்கடி. நேற்றுவரை பெருமையாக நின்ற வண்டி இன்று வீட்டு வாசலில் பாரமாக நின்றது. ஏர்ஸ்ட்ரீமே தள்ளாடியது. 1980ல் அதை வாங்கிக் காப்பாற்றிய தாம்ப்சன், ஆர்த்வைன் என்ற இருவர் தங்கள் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத் 'தோர்' என்ற நிறுவனத்தை உருவாக்கினார்கள்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. எரிபொருளை மிச்சப்படுத்தக் கார்கள் சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் ஆயின. அவற்றால் பெரிய டிரெய்லரை இழுக்க முடியாது. அதற்குப் பிக்கப் லாரி வேண்டும். யானை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்தானாம் என்பார்கள். இங்கே யானையைவிட அங்குசத்துக்கு விலை அதிகம்! ஏற்கெனவே பெரிய லாரி வைத்திருப்பவருக்கு டிரெய்லர் ஒரு செலவு. இல்லாதவருக்கு இரண்டு செலவு.

புயலுக்குப் பின்

2005ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் பகுதியைச் சீரழித்தது. வீடிழந்தவர்களுக்காக அரசு சுமார் 1,45,000 டிரெய்லர்களையும் நகரும் வீடுகளையும் வாங்கியது. சில வாரப் பயணத்துக்காகச் செய்யப்பட்ட வண்டிகளில் குடும்பங்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் குடியிருந்தன. கண் எரிச்சல், மூச்சுத் திணறல் என்று புகார்கள் எழுந்தன. 2008ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 வண்டிகளைச் சோதித்து முடிவை வெளியிட்டது. காற்றில் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு சராசரியாக நூறு கோடியில் 77 பங்கு இருந்தது. மலிவான ப்ளைவுட்டிலும் பசையிலும் இருந்து கசியும் வாயு அது. நகரும் வீடுகளில் பயன்படும் மரப்பலகைகளுக்கு இதில் மத்திய அரசின் கட்டுப்பாடு இருந்தது. பயண டிரெய்லருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. 1950களில் பாதை இரண்டாகப் பிரிந்ததன் விலையைப் புயலில் வீடிழந்தவர்கள் கொடுத்தார்கள். அந்த வண்டிகளில் பல பிறகு ஏலத்தில் விற்கப்பட்டன. குடியிருக்கப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை ஒட்டியிருந்தும், 2010ல் அவற்றில் மறுபடியும் ஆட்கள் குடியிருந்தது செய்தியானது. விலை மலிவு என்றால் யாருக்காவது தேவை இருக்கத்தானே செய்யும்?

அதற்கு நடுவே 2008ன் நிதி நெருக்கடி. இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரம்தான் அமெரிக்காவின் டிரெய்லர் உற்பத்தித் தலைநகரம். 2006ல் நாடு முழுவதும் ஆலைகளிலிருந்து 3,90,500 பொழுதுபோக்கு வண்டிகள் வெளியேறின. 2009ல் அது 1,65,700 ஆகச் சுருங்கியது. எல்கார்ட்டில் வேலையின்மை 20 சதவீதத்தை நெருங்கியது. பதவியேற்ற சில வாரங்களிலேயே ஜனாதிபதி ஒபாமா அங்கே போனார். டிரெய்லர் என்பது வீட்டுக்கு அத்தியாவசியம் இல்லாத பொருள். பணம் இறுகும்போது முதலில் வெட்டப்படும் செலவு அதுதான்.

2020ல் கொரோனா வந்தபோது எல்லாம் தலைகீழானது. விடுதிக்குப் போகப் பயம், விமானம் ஏறப் பயம். 2021ல் வரலாறு காணாத அளவு 6,00,240 வண்டிகள் ஆலைகளை விட்டு வெளியேறின. 2023ல் அது 3,13,174 ஆகக் குறைந்தது. இடையில் வட்டி ஏறியிருந்தது. உச்ச விலையில் கடனுக்கு வாங்கியவர்களில் பலர் விற்கப் பார்த்தபோது, கடன் பாக்கி வண்டியின் விலையைவிட அதிகமாக இருந்தது.

அப்படியானால் வாங்கலாமா?

ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு. ஒரு குடும்பம் 24,000 டாலருக்கு டிரெய்லர் வாங்கி, பத்து ஆண்டு கழித்து 9,000 டாலருக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தேய்மானம் ஆண்டுக்கு 1,500 டாலர். நிறுத்துமிட வாடகை, காப்பீடு, பதிவு, பழுது எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு இன்னொரு 1,500 டாலர். முகாம் கட்டணம் இரவுக்கு 40 டாலர்.

ஆண்டுக்கு 10 இரவுகள் தங்கினால் ஒரு இரவின் செலவு 340 டாலர். நல்ல ஹோட்டலிலேயே தங்கிவிடலாம். 30 இரவுகள் என்றால் 140 டாலர். 60 இரவுகள் என்றால் 90 டாலர். இதில் கடன் வட்டியும், இழுக்கும் வண்டி குடிக்கும் கூடுதல் பெட்ரோலும் சேரவில்லை. படுக்கை, சமையல் வசதி, கழிவறை மூன்றும் உள்ள டிரெய்லரை இரண்டாவது வீடாகக் கருதி வட்டிக்கு வரிச் சலுகை தர அமெரிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால் சலுகைக்காகக் கடன் வாங்குவது, தள்ளுபடிக்காகத் தேவையில்லாத புடவை எடுப்பது போலத்தான்.

சும்மா நின்றாலும் வண்டி செலவு வைக்கும். கூரை இணைப்பில் சின்ன விரிசல் விட்டால் மழைநீர் இறங்கி மரச்சட்டம் உளுத்துவிடும். குளிர்காலத்துக்கு முன் குழாய்களில் உள்ள தண்ணீரை வடிக்காவிட்டால் உறைந்து வெடிக்கும். ஓடாத டயரும் சில ஆண்டுகளில் வெடிப்பு விடும். பயன்படுத்தாமல் வைத்திருப்பதுதான் டிரெய்லரின் மிக விலை உயர்ந்த பயன்பாடு!

பணத்தில் அடங்காத லாபமும் உண்டு என்பதை மறுக்க முடியாது. குழந்தைகள் தங்கள் படுக்கையில் தூங்குவார்கள். ஒவ்வாமை உள்ளவருக்குத் தன் அடுப்பில் சமைத்த உணவு கிடைக்கும். நாயை வீட்டில் விட்டுப் போக வேண்டாம். முதியவர்களுக்குக் கழிவறை பக்கத்திலேயே இருக்கும். இவற்றுக்கு ஒவ்வொரு குடும்பமும்தான் விலை போட்டுக்கொள்ள வேண்டும்.

நூறாண்டு வரலாறு காட்டுவது இதுதான். டிரெய்லர் கணக்கைப் புரட்டிப் போட்டவை பெரும்பாலும் சாலையும், எண்ணெயும், வட்டியும், நோயும். அவை வாங்குபவர் கையில் இல்லை. அவர் கையில் இருப்பது ஒரே ஒரு எண். ஆண்டுக்கு எத்தனை இரவுகள்? ஆசையில் சொல்லும் எண்ணுக்கும் நடப்பில் வரும் எண்ணுக்கும் தூரம் அதிகம். அதைத் தெரிந்துகொள்ள வழியும் எளிது. ஒரு வருடம் வாடகைக்கு எடுத்துப் போய்ப் பார்த்து, இரவுகளை எண்ணிக்கொண்டால் போதும். அதில் ஒரு இரவாவது நல்ல மழை பெய்ய வேண்டும். ஷெர்மன் குடும்பத்துக்குப் பதில் கிடைத்தது மழையில்தான்.